லூப்புக்குள் ஸ்ட்ரிங் சேர்க்கிறீர்களா? வேகமாக்க ஒரு வழிகாட்டி

கல்யாண வீட்டில் மொய் எழுத உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் 501 ரூபாய். நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். இரண்டாவது ஆள் வந்ததும் அந்த நோட்டை மூடிவிட்டு, புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் ஆள் பெயரை அதில் பார்த்து எழுதி, அதன் கீழே இரண்டாவது பெயரைச் சேர்க்கிறீர்கள். பழைய நோட்டு குப்பைக்கு. மூன்றாவது ஆளுக்கு இன்னொரு புது நோட்டு. இப்படியே 400 பேருக்கு எழுதி முடித்தால், நீங்கள் எழுதிய வரிகள் மொத்தம் 80,200. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கவரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள்.

ஜாவா என்ற நிரல்மொழியில் லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) ஸ்ட்ரிங்கோடு (எழுத்துகளின் தொடர்) ஸ்ட்ரிங்கை + போட்டு ஒட்டும்போது கம்ப்யூட்டர் செய்வது அச்சு அசல் இதே வேலை.

நான் இதைக் கற்றுக்கொண்டது வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில். மாணவர் பட்டியலை எடுத்து, ஒரு வரிக்கு ஒருவராக, கமா போட்டுப் பிரித்து ஃபைலாகக் கொடுக்கும் சின்ன புரோகிராம். 500 பேரை வைத்து டெஸ்ட் செய்தேன், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. உண்மையான பட்டியலில் 50,000 பேர். பட்டனை அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் டேட்டாபேஸைத் திட்டினேன், இன்டெக்ஸ் போட்டேன், கொயரியை மாற்றி மாற்றி எழுதினேன். டேட்டாபேஸ் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டிருந்தது. குற்றவாளி நான் எழுதிய மூன்று வரி லூப்.

ஒரு குறிப்பு: கீழே உள்ள நிரல் துண்டுகளில் ஜாவாவின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில வடிவத்தில் அடியுங்கள். 'புதுவரி' என்பது அடுத்த வரிக்குப் போகும் குறி.

படி 1: சிக்கல் இருக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள்

அந்த மூன்று வரி இதுதான்:

ஸ்ட்ரிங் அறிக்கை = "";
ஃபார் (மாணவர் ம : பட்டியல்) {
    அறிக்கை += ம.பெயர் + "," + ம.மதிப்பெண் + புதுவரி;
}

படிக்க அழகாக இருக்கிறது, தப்பே தெரியாது. ஆனால் ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கிவிட்டால் அதன் உள்ளே ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. += என்று எழுதினால் பழைய ஸ்ட்ரிங் நீளாது. பழையதும் புதியதும் சேர்ந்து கொள்ளும் அளவுக்கு மெமரியில் வேறோர் இடம் பிடித்து, பழையதை முழுசாக அங்கே காப்பி செய்து, அதன் வாலில் புதியதை ஒட்டி, 'அறிக்கை' என்ற பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. பழைய ஸ்ட்ரிங் கார்பேஜ் கலெக்டர் (யாருக்கும் வேண்டாத மெமரியைக் காலி செய்யும் ஜாவாவின் பகுதி) வந்து அள்ளும்வரை அங்கேயே கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வரிக்கு 40 எழுத்து, 50,000 வரி. கடைசியில் கையில் கிடைப்பது 20 லட்சம் எழுத்து. அதற்காகக் காப்பி ஆவது? 40, 80, 120 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும் அத்தனையையும் கூட்டினால் சுமார் 5,000 கோடி எழுத்து. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ஜாவா ஓர் எழுத்துக் குறிக்கு 2 பைட் எடுத்துக்கொள்ளும். அதாவது 4 எம்.பி. ஸ்ட்ரிங்குக்காக 100 ஜி.பி. அளவுக்கு மெமரியில் அள்ளிக் கொட்டுகிறோம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "அதெல்லாம் கம்பைலரே பார்த்துக்கொள்ளும்" என்பார். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். அவர் சொல்வது பாதி உண்மை. ஜாவா 8 வரை, நீங்கள் + என்று எழுதியதைக் கம்பைலர் உள்ளுக்குள் ஸ்ட்ரிங்பில்டராக (துண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் கருவி, படி 3-இல் வருகிறது) மாற்றிக்கொண்டது. ஜாவா 9-லிருந்து அந்த வேலை வேறு முறையில், ஓடும் நேரத்தில் நடக்கிறது. ஒரே வரியில் நாலைந்து துண்டுகளை ஒட்டுவதற்கு இது பிரமாதமான உதவி. ஆனால் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது புதிதாகத்தான் தொடங்குகிறது. போன சுற்றில் சேர்த்ததை நினைவில் வைத்துத் தொடர்வது அதன் வேலை இல்லை. நோட்டு ஒவ்வொரு ஆளுக்கும் புதிதுதான்.

படி 2: மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனதால்தான் இரண்டு நாள் டேட்டாபேஸோடு மல்லுக்கு நின்றேன்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. லூப்புக்கு முன்னும் பின்னும் சிஸ்டம்.நானோடைம் (நேரத்தை அளக்கும் ஜாவா கட்டளை) எடுத்துக் கழித்துப் பாருங்கள். முதலில் 10,000 வரிக்கு ஓட்டுங்கள், அப்புறம் 20,000, அப்புறம் 40,000. வரி இரண்டு மடங்காகும்போது நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் கவலையில்லை. நேரம் நாலு மடங்கானால், ஏற்கெனவே செய்த வேலையையே லூப் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று அர்த்தம். 4, 16, 64 என்று எகிறுவதைப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம்.

முதல் ஓட்டத்தின் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜாவா முதலில் மெதுவாகத்தான் ஓடும். அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டுபிடித்து நேரடி மெஷின் கோடாக மாற்றிய பிறகுதான் வேகம் பிடிக்கும். இரண்டு மூன்று தடவை சும்மா ஓடவிட்டு, பிறகு அளக்க வேண்டும். துல்லியமான அளவு வேண்டும் என்பவர்களுக்கு ஜே.எம்.எச். என்ற கருவி இருக்கிறது. இந்த மாதிரி சிக்கலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

புரோகிராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது என்றால் ஜேஸ்டாக் கட்டளையைச் சில விநாடி இடைவெளியில் நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். ஒவ்வொரு தடவையும் அதே ஒட்டும் வரியே வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

படி 3: ஸ்ட்ரிங்பில்டருக்கு மாறுங்கள்

ஸ்ட்ரிங்பில்டர் பில்டர் = நியூ ஸ்ட்ரிங்பில்டர்();
ஃபார் (மாணவர் ம : பட்டியல்) {
    பில்டர்.அப்பெண்ட்(ம.பெயர்)
          .அப்பெண்ட்(",")
          .அப்பெண்ட்(ம.மதிப்பெண்)
          .அப்பெண்ட்(புதுவரி);
}
ஸ்ட்ரிங் அறிக்கை = பில்டர்.டூஸ்ட்ரிங்();

பில்டர் லூப்புக்கு வெளியே பிறக்கிறது, உள்ளே வளர்கிறது, லூப் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை டூஸ்ட்ரிங். இந்த வரிசை முக்கியம். பில்டரை லூப்புக்கு உள்ளே உருவாக்கிவிட்டு, வேகம் வரவில்லையே என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது எப்படி வேகமாகிறது? பில்டர் தன்னிடம் காலி இடம் வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் 16 எழுத்துக்கு இடம். நிரம்பினால் இருந்ததைப் போல இரண்டு மடங்கும் கூடவே 2-ம் சேர்த்து இடம் பிடிக்கும்: 16, 34, 70, 142 என்று. இடம் மாறும்போது மட்டும்தான் பழையதைக் காப்பி செய்ய வேண்டும். நம் 20 லட்சம் எழுத்துக்கு அது சுமார் 17 தடவைதான் இடம் மாறும். அந்த 17 தடவையிலும் சேர்த்துக் காப்பி ஆவது 30 லட்சம் எழுத்துக்குள் அடங்கும். முன்பு இது 5,000 கோடி.

மொத்த நீளம் உத்தேசமாகத் தெரிந்தால் பில்டரை உருவாக்கும்போதே சொல்லிவிடலாம்: நியூ ஸ்ட்ரிங்பில்டர்(2000000). அந்த 17 காப்பியும் மிச்சம். பலர் இதைப் பெரிய ரகசியம் போலச் சொல்வார்கள். நான் எப்போதாவதுதான் செய்கிறேன். பெரிய லாபம் + ஐ விட்டு பில்டருக்கு வந்ததிலேயே கிடைத்துவிட்டது, இது கொசுறு.

இணையத்தில் பழைய பாடங்களைப் படித்தால் ஸ்ட்ரிங்பஃபர் என்ற பெயரும் கண்ணில் படும். ஒரே பஃபரைப் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) தொட்டாலும் குழம்பாதபடி பூட்டு வைத்த பழைய வடிவம் அது. 2004-இல் வந்த ஜாவா 5 தான் பூட்டில்லாத ஸ்ட்ரிங்பில்டரைக் கொண்டுவந்தது. ஒரு மெத்தடுக்குள் (பெயரிட்ட நிரல் பகுதி) பிறந்து அங்கேயே முடியும் வேலைக்குப் பூட்டு எதற்கு? பில்டரையே எடுங்கள்.

படி 4: பில்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பழைய சிக்கல்கள்

மாற்றியாகிவிட்டது, வேகமும் வந்துவிட்டது என்று இங்கே பலர் நிறுத்திக்கொள்வார்கள். உண்மையில் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலாவது, லூப்புக்குள் டூஸ்ட்ரிங் அழைப்பது. முதல் வரிக்கு முன் கமா வேண்டாம், மற்ற வரிகளுக்கு வேண்டும் என்பதற்காக, 'பில்டர்.டூஸ்ட்ரிங்().லெங்த்() > 0' என்று சோதிப்பார்கள். டூஸ்ட்ரிங் ஒவ்வொரு தடவையும் இதுவரை சேர்த்த முழுவதையும் காப்பி எடுத்துத்தான் தருகிறது. வாசல் வழியாகத் துரத்திய பூனை ஜன்னல் வழியாகத் திரும்பி வந்த கதை. பில்டருக்கே லெங்த் இருக்கிறது, அதை நேராகக் கேளுங்கள்.

இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் + போடுவது. அப்பெண்ட்(ம.பெயர் + ",") என்று எழுதினால் முதலில் ஒரு சின்ன தற்காலிக ஸ்ட்ரிங் உருவாகி, பிறகு பில்டருக்குள் போகும். இது மொத்த நீளத்தோடு வளராத செலவு, ஆகவே பெரிய குற்றமில்லை. என் கண்ணில் பட்டால் பிரித்து எழுதுவேன், படாவிட்டால் தூக்கம் கெடாது. ஆனால் ஒற்றை மேற்கோளில் இருக்கும் எழுத்துகளைக் கூட்டினால் கதை வேறு. அப்பெண்ட்(',' + ' ') என்று எழுதிப் பாருங்கள். கமாவும் இடைவெளியும் வராது, 76 என்ற எண் வரும்! கமாவின் குறியெண் 44, இடைவெளியின் குறியெண் 32, ஜாவா இரண்டையும் எண்ணாகக் கூட்டிவிட்டது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: நியூ ஸ்ட்ரிங்பில்டர்('அ'). 'அ' என்ற எழுத்தோடு தொடங்கும் பில்டர் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைப்பதோ காலி பில்டர். 'அ'வின் யூனிகோடு எண் 2949, அதை ஜாவா கொள்ளளவாக எடுத்துக்கொண்டு 2949 எழுத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, அந்த எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கும். இரட்டை மேற்கோள் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது, முன்பக்கம் சேர்ப்பது. கடைசி வரி முதலில் வர வேண்டும் என்றால் கை தானாக இன்சர்ட்(0, வரி) என்று எழுதப் போகும். முன்னால் ஒன்றை நுழைக்க, பின்னால் இருக்கும் அத்தனையும் நகர வேண்டும். மறுபடியும் மொய் நோட்டு. சிலர் "எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துவிட்டு ரிவர்ஸ் போட்டால் போச்சு" என்பார்கள். அது வரிகளின் வரிசையை மட்டுமல்ல, ஒவ்வொரு வரிக்குள்ளும் இருக்கும் எழுத்துகளையும் திருப்பிவிடும். தமிழில் இன்னும் மோசம். "தமிழ்" என்ற சொல்லை ரிவர்ஸ் செய்து பாருங்கள்: "்ழிமத" என்று வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக இருப்பதை அப்படியே திருப்பிவிட்டதால், புள்ளி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் முன்னால் தொங்குகிறது, மகரத்தின் கொக்கி ழகரத்தில் ஏறிக்கொண்டது. வரிகளை ஒரு லிஸ்ட்டில் போட்டுவைத்து, லூப்பைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டுவதே இதற்கு நேர்வழி.

நான்காவது, மெத்தடுகளுக்கு இடையே ஒளிந்திருப்பது. ஒரு மெத்தட் பில்டரில் சேர்த்து ஸ்ட்ரிங்காகத் திருப்பித் தருகிறது. அதை அழைத்தவர் தன் பில்டரில் சேர்த்து மறுபடி ஸ்ட்ரிங்காக்கி மேலே தருகிறார். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகும் பட்டியலை இப்படி அச்சிட்டால், அடியில் இருக்கும் பெயர் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு தடவை காப்பி ஆகும். பில்டரையே மெத்தடுக்கு அனுப்பிவிடுங்கள், உள்ளே போனவர் நேராக அதிலேயே எழுதிவிட்டு வரட்டும்.

படி 5: கமா போட்டு இணைப்பது மட்டுமே வேலை என்றால்

லூப்பே வேண்டாம். 2014-இல் வந்த ஜாவா 8-லிருந்து ஸ்ட்ரிங்.ஜாயின்(",", பெயர்கள்) இருக்கிறது. உள்ளே என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகச் செய்யும், கடைசியில் அநாதையாக ஒரு கமா நிற்காது. ஸ்ட்ரீம் பயன்படுத்துபவர்களுக்குக் கலெக்டர்ஸ்.ஜாயினிங். பில்டரையே வைத்துக்கொள்ள விரும்பினால், வால் கமாவை செட்லெங்த் மூலம் நீளத்தை ஒன்று குறைத்து வெட்டிவிடலாம். லூப் ஒரு தடவைகூட ஓடாத நாளில் நீளம் பூஜ்யமாக இருக்கும், வெட்டப் போனால் வெடிக்கும். முதலில் சோதித்துவிட்டு வெட்டுங்கள்.

படி 6: ஸ்ட்ரிங்கே வேண்டுமா என்று கேளுங்கள்

என் புரோகிராமுக்கு வருவோம். 20 லட்சம் எழுத்தை அழகாகச் சேர்த்து, கடைசியில் என்ன செய்தேன்? ஃபைலில் எழுதினேன். அப்படியானால் இடையில் அந்தப் பெரிய ஸ்ட்ரிங் எதற்கு? ஒவ்வொரு வரியையும் ஃபைலில் எழுதும் பஃபர்ட்ரைட்டரிடம் நேராகக் கொடுத்திருக்கலாம். அது 8,192 எழுத்து சேரும்வரை கையில் வைத்திருந்து, மொத்தமாக அனுப்பும். 50,000 பேர் போய் 50 லட்சம் பேர் வந்தாலும் இந்த எழுதும் வேலைக்கான மெமரி ஏறாது. பெரிய பட்டியலை ஃபைலுக்கோ பிரவுசருக்கோ அனுப்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பில்டர் அதற்கு அடுத்ததுதான்.

எழுதும்போது, எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் முறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஜாவா 18-லிருந்து அதுவே இயல்பு, பழைய பதிப்புகளில் மெஷினுக்கு மெஷின் மாறும். தமிழ்ப் பெயர்கள் உள்ள ஃபைலை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் பெயர்கள் எல்லாம் கோணல்மாணலாகத் தெரிவது உண்டு. ஃபைலின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற மூன்று பைட் குறியை எழுதிவிட்டால் எக்செல் புரிந்துகொள்ளும்.

ஜாவா இல்லாதவர்களுக்கு

பைத்தானிலும் ஸ்ட்ரிங் மாறாதது. ஆனால் பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான் 2.4-லிருந்து ஒரு சலுகை தருகிறது: அந்த ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் += ஐ இருந்த இடத்திலேயே நீட்டப் பார்க்கும். அதனால் சோதனையில் வேகமாகவே தெரியும். அதே ஸ்ட்ரிங்கை ஒரு ஆப்ஜெக்டின் உறுப்பாக, செல்ஃப் போட்டு வைத்தால் சலுகை கிடையாது. பைத்தானின் இன்னொரு வடிவமான பைபையிலும் இதை நம்ப முடியாது. லிஸ்ட்டில் சேர்த்துக் கடைசியில் ஜாயின் போடுவதே பத்திரம்.

சி ஷார்ப் ஜாவாவின் பங்காளி, மேலே சொன்னதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். கோ மொழியில் 2018-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்ஸ்.பில்டர் இருக்கிறது. சி++ இல் += போட்டால் இருந்த இடத்திலேயே வளரும், ஆனால் 'அ = அ + ஆ' என்று எழுதினால் காப்பி ஆகும். சி மொழியில் ஸ்ட்ரிங்கை ஒட்டும் ஸ்ட்ர்கேட்டுக்கு வேறு வியாதி: ஸ்ட்ரிங் எங்கே முடிகிறது என்பது அதற்கு நினைவிருக்காது, ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்திலிருந்து நடந்து போய்த் தேடும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். குரோமில் இருக்கும் வி8 எஞ்சின் துண்டுகளை உடனே ஒட்டாமல் கயிறுபோல முடிச்சுப் போட்டு வைத்து, தேவைப்படும்போதுதான் நேராக்குகிறது. அங்கே += ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எங்கே கை வைக்க வேண்டாம்

இதைப் படித்த உற்சாகத்தில், கண்ணில் படும் + எல்லாவற்றையும் பில்டராக மாற்றிவிடாதீர்கள். "வணக்கம், " + பெயர் + "!" என்பது லூப்புக்கு வெளியே இருக்கும்போது அப்படியே இருக்கட்டும். அதைக் கம்பைலர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறது, படிக்கவும் சுலபம். பத்து சுற்று ஓடும் லூப்பும் அப்படித்தான். அந்தப் பத்து எப்போதாவது பத்தாயிரம் ஆகக்கூடுமா என்று மட்டும் யோசியுங்கள். பட்டியல் டேட்டாபேஸிலிருந்தோ ஃபைலிலிருந்தோ வருகிறது என்றால் ஆகும்.

கடைசியாக ஒன்று. என் லூப்பை பில்டருக்கு மாற்றிய அன்று, வெற்றிக் களிப்போடு ஓட்டினேன். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் தேறியிருந்தது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன், லூப்பில் தப்பில்லை. சாயங்காலம்தான் பக்கத்து சீட் அக்கா வந்து, திரையில் விரல் வைத்துக் கேட்டார், "இது என்னப்பா?" நானே லூப்புக்குள் போட்டு மறந்துபோன லாக் வரி (நிரல் என்ன செய்கிறது என்று பதிவு செய்யும் வரி): லாக்.டீபக்("இதுவரை: " + பில்டர்). டீபக் லாக் அணைத்துத்தான் இருந்தது, ஒரு வரிகூட வெளியே வரவில்லை. ஆனால் லாக்குக்குக் கொடுக்க வேண்டிய ஸ்ட்ரிங்கை ஜாவா ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினேன். அக்கா தன் சீட்டுக்குத் திரும்பி உட்காருவதற்குள் ஃபைல் வந்துவிட்டது.